முதல் வெள்ளிக்கு முந்தின நாள்

பாலும் சக்கரையும் போடாத இந்த தே ஓ எனக்குப் பிடிக்காது, கபீர் பாய். வாங்கி வச்சிட்டீங்க, குடிச்சுடறேன். ரிப்பேர் கடைக் கதவைச் சாத்திட்டு நீங்க உக்காந்தப்பவே தெரிஞ்சுபோச்சு, நாங்க கொண்டு வந்த கம்ப்யூட்டர் டிரைவைப் பத்தித்தான் கேக்கப் போறீங்கன்னு. வீடியோ எல்லாம் அழிஞ்சது வியாழக்கிழமை சாயந்தரம் நாலு மணின்னு அதுல காட்டுதுங்கறீங்க. அந்த நேரத்துல என் மனைவி வைதேகி பிடோக்ல, பாலர் பள்ளி அடுப்படியில வேலையா நிப்பா. வீட்ல இருக்கறது நாங்க ரெண்டே பேர். உங்களுக்கு நான் சொல்லியா தரணும்.

வருண் அவளோட முதல் புருஷனுக்குப் பொறந்தவன். அவனுக்குப் பதினாறு வயசா இருக்கறப்போ நான் அந்த வீட்டுக்குள்ள போனேன். மரியாதையான பையன், குறை சொல்ல மாட்டேன். கடைசி வரைக்கும் என்னை அங்கிள்னுதான் கூப்பிட்டான். மூணு வருஷத்துக்கு முன்னாடி புக்கிட் பாஞ்சாங் பக்கம் மோட்டார் சைக்கிள்ல போனவனை லாரி இடிச்சு, அங்கேயே போயிட்டான். ஹேண்ட்போனும் அவனோட நொறுங்கிடுச்சு. மிஞ்சினது, அவன் எடுத்த வீடியோ எல்லாம் இருந்த அந்தப் பழைய கம்ப்யூட்டர்தான்.

அது அவங்கப்பா வாங்கினது. பழைய விண்டோஸ் எக்ஸ்பி. அப்பா ஞாபகமா இருக்கட்டும்னு வருண் சிஸ்டத்தை மாத்தல, உள்ள மட்டும் புதுசா எஸ்எஸ்டி டிரைவ் போட்டான். வைரஸ் வந்துடும்னு இன்டர்நெட்டைப் பிடுங்கி விட்டான். ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும்னு சிரிப்பான். புது சிஸ்டம்னா, நாம அழிச்சதை டிரைவ்லேர்ந்து தானே துடைச்சுக்கும். எக்ஸ்பிக்கு அது தெரியாது, நாமதான் துடைக்கணும், இல்லன்னா போகப் போக மந்தமாயிடும். அதுக்கு ஒரு மென்பொருள் போட்டுக் கொடுத்து, மானிட்டர் ஓரத்துல சீட்டு ஒட்டி வச்சான். "அம்மா, மாசம் முதல் வெள்ளி. ஆன் பண்ணதும் முதல்ல பச்சை பட்டன். முடியற வரைக்கும் வேற எதையும் தொறக்காதீங்க லா."

வைதேகிக்கு ஏடிஎம்ல நம்பர் அமுக்கவே பயம். ஆனா இந்த மூணு வருஷத்துல ஒரு வெள்ளி தவறினதில்ல. குளிச்சு, விளக்கேத்திட்டு வந்துதான் அமுக்குவா. அதுக்கப்புறம்தான் வீடியோ. அவன் ரோஜாக் தின்னுட்டு உறைக்குதுன்னு குதிக்கறது, அவ கோலத்தைக் கிண்டல் பண்றது, எல்லாம்.

பாவம், பாத்துட்டுப் போகட்டுமேன்னு நீங்க சொல்லலாம். கூட இருந்து பாத்தாத் தெரியும். செத்தவன்கூடப் போட்டி போட்டு யாராவது ஜெயிச்சிருக்காங்களா? அவன் எதுத்துப் பேச மாட்டான், அவனுக்கு வயசாகாது. தட்டுல சோத்தைப் போட்டு வச்சிட்டு அவன் முன்னாடி போய் உக்காந்துடுவா. ஒரு நாள், நெஞ்சுல அடைப்பு இருக்குன்னு ரிப்போர்ட்டோட வந்து நின்னேன். திரும்பாமலே கையைக் காட்டினா. "கொஞ்சம் இருங்க, அவன் பேசறான்." எனக்கு வயிறு எரிஞ்சுது, பாய். இன்னும் எரியுது.

அவசரப்பட்டு ஒன்னும் செய்யல. வருண் அந்த வீடியோவை எல்லாம் காப்பி எடுத்து வச்ச தம்ப் டிரைவ் ஒன்னு அலமாரியில கிடந்துச்சு. முதல்ல அதைக் குப்பை போடற குழாய்ல போட்டேன், பதினோரு மாடி கீழ போயிடுச்சு. ரெண்டு மாசம் பொறுத்துப் பாத்தேன், அவ தேடல. அப்புறம்தான் முதல் வெள்ளிக்கு முந்தின நாள் உக்காந்து அந்த வீடியோ ஃபோல்டரை அழிச்சேன்; வியாழன் ராத்திரி அவ கம்ப்யூட்டரைத் தொடறதில்ல. எக்ஸ்பியில அழிச்சது உடனே போயிடாது, உங்களை மாதிரி ஆள்கிட்ட கொடுத்தா திரும்ப எடுத்துடலாம்னு எனக்குத் தெரியும். வருண்தான் சொல்லிக் கொடுத்தான்.

மறுநாள் அவ குளிச்சா, விளக்கேத்தினா, பச்சை பட்டனை அமுக்கினா. நான் சோபாவுல பேப்பர் படிச்சிட்டிருந்தேன். அழிச்சது நான்தான், இல்லன்னு சொல்லல. துடைச்சது நான் இல்ல. "அந்த பட்டனை மட்டும் அமுக்காம இருந்திருந்தா எடுத்துக் கொடுத்திருப்பேன், அக்கா"ன்னு, இங்க கொண்டு வந்தப்போ நீங்கதானே அவகிட்ட சொன்னீங்க. ஃபோல்டர் போனதும் தன் கை பட்டுத்தான்னு அவளே முடிவு பண்ணிட்டா. உங்க கடைக்கு வெளிய, டன்லப் ஸ்திரீட் நடைபாதையிலயே உக்காந்துட்டா. நான்தான் தூக்கி விட்டேன்.

இப்ப கம்ப்யூட்டர் பக்கமே போறதில்ல. என்கூட உக்காந்து சாப்பிடறா. மாத்திரை போட்டாச்சான்னு கேக்கறா. நேத்து சாப்பாட்டு மேசையில என் கையைப் புடிச்சுக்கிட்டு, "பெத்தவ நானே அவனை ரெண்டாவது தடவை கொன்னுட்டேங்க. நீங்களாவது என்னை மன்னிப்பீங்களா?"ன்னு அழுதா.

மன்னிச்சுட்டேன்னு சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன், பாய்.