சுவிட்சுகளுக்கு நடுவே இருந்த கேபிள்

கேபிள்களை ஒழுங்காகக் கட்டி வைத்திருக்கும் அலமாரியைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும். இருபத்திரண்டு வருடம் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டவன் நான். ஒருநாளும் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை.

என் தங்கையின் கணவரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். மாப்பிள்ளை கெட்டிக்காரர், யார் கேட்டாலும் சொல்வேன். வந்த மூன்றாவது மாதமே என் அமைப்பைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டினார். மையத்தின் கணினிகளையும் போன்களையும் இணைக்கும் இரண்டு சுவிட்சுப் பெட்டிகளை ஒரு கேபிளால் பிணைத்து, ஒன்றே போல வேலை செய்ய வைத்தார். அவற்றுக்கு மேலே, வெளியிலிருந்து வரும் அழைப்புகளை உள்ளே அனுப்பும் இரண்டு ரூட்டர்கள். ஒன்று படுத்தால் மற்றது உடனே பொறுப்பேற்கும். எது செத்தாலும் அழைப்பு நிற்காது. இயக்குநர் எல்லார் முன்னாலும் அவர் தோளைத் தட்டினார்.

"அண்ணா, நீ இத்தனை வருஷமா பண்ணாததை இவர் மூணே மாசத்துல பண்ணிட்டாராமே, நிஜமா?" என்று தங்கை கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். நானும் சிரித்தேன்.

இவ்வளவு சுத்தமாக ஒன்று ஓடினால் சந்தேகம் வரத்தானே செய்யும்? அந்தப் பிணைப்புக் கேபிளை ஒருநாள் லேசாக இழுத்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். பிணைப்பு விட்டுப்போனால் இரண்டு சுவிட்சும் தான்தான் தலைவன் என்று நினைத்துக்கொள்ளும். நாற்பது நொடி எல்லாம் தடுமாறியது. பிறகு அழுத்திவிட்டேன். வாரத்துக்கு இரண்டு முறை செய்தேன், ஒரே நேரத்தில் வராதபடி.

மாப்பிள்ளை முதலில் சுவிட்சைச் சந்தேகப்பட்டார். பிறகு அறையைத் துடைக்கும் அம்மாவை. அந்த அம்மாவின் வேலை போயிற்று, கோளாறு போகவில்லை. பூட்டை மாற்றி, ஒரு சாவியைத் தன்னிடமும், நம்பிக்கையான ஆள் என்று இன்னொன்றை என்னிடமும் வைத்தார். கடைசியில் தன்னையே சந்தேகப்பட்டார்.

"மச்சான், நானே ஏதாவது பண்ணிட்டு மறந்துடறேனா?" என்றார்.

"கொஞ்ச நாளாவே நீங்க நீங்களா இல்ல மாப்பிள்ளை," என்றேன். அக்கறையாகத்தான் சொன்னேன். தங்கையிடமும் அதையே சொன்னேன். அன்றிலிருந்து அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இயக்குநர் பொறுமை இழந்து, எது செத்தாலும் அழைப்பு நிற்காது என்பதை எல்லார் முன்னாலும் நிரூபித்துக் காட்டச் சொன்னார். முந்தின நாள் மாற்று ரூட்டரில் ஒரே ஒரு கட்டளை வரியை மாற்றினேன். இனி அது பொறுப்பேற்காது. கேபிளையும், லேசாக அசைந்தாலே கழன்றுவிடும் அளவுக்கு இழுத்து வைத்தேன். மறுநாள் காலை பதினோரு மணிக்கு மாப்பிள்ளை, தன் கையாலேயே முதல் ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கினார். கூடம் முழுக்க அழைப்பு நின்றது. திரும்பச் செருகினார். அந்த அசைவில் கேபிளும் விட்டுப்போயிருந்தது, அழைப்பு வரவில்லை.

நான் பக்கத்திலேயேதான் நின்றேன். இரண்டு நிமிடத்தில் சரிசெய்திருக்கலாம். ஆனால் அது அவர் வேலை. அவர் கூப்பிடாமல் நான் கை வைப்பது மரியாதையில்லை. பதினேழாவது நிமிடத்தில்தான், "மச்சான், முடியல, நீங்க பாருங்க," என்றார். பார்த்தேன். பத்தொன்பதாவது நிமிடம் போன் மணி அடித்தது. கைதட்டினார்கள்.

அந்த நேரத்தில் நான்கு அழைப்புகள் தவறியதாகப் பிறகு கணக்கெடுத்தார்கள். மூன்று பேர் மறுபடி கூப்பிட்டார்கள். நான்காவது, தனியாக இருந்த ஒரு பெண். மறுபடி கூப்பிட அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

மாப்பிள்ளை இந்த ஸ்டேஷனில், இதே மேசை முன்னால் உட்கார்ந்து, "நான்தான் பண்ணிருப்பேன்" என்று உங்களுக்கு எழுதிக் கொடுத்தார். அவரை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அவர் அப்படியே நம்பினார். அதை நான் தடுத்திருக்க வேண்டும் என்கிறீர்கள். ஒரு மனிதர் தானாக ஒத்துக்கொள்ளும்போது நடுவில் புகுந்து என்ன சொல்வது?

ரூட்டர் ஒவ்வொரு மாற்றத்தையும் யார் செய்தார்கள் என்று குறித்து வைக்கும். அந்த வரி என் பெயரில்தான் இருக்கிறது. கேபிளும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கையிடம் மட்டும் நானே சொல்லிக்கொள்கிறேன். அவளுக்கு என்னைத் தெரியும், புரிந்துகொள்வாள். காலையிலிருந்து ஆறு முறை கூப்பிட்டுவிட்டேன், எடுக்கவில்லை. லைனில் ஏதோ கோளாறு போலிருக்கிறது.