எங்கப்பாவும் மீன்கடை இர்மாவும்

எம்பத்தி நாலாவது நிமிஷம்ணே! கரெக்டா எம்பத்தி நாலு! ஒண்ணுக்கு சைபர்னு நாங்க ஜெயிச்சுக்கிட்டு இருக்கோம். எதிர்ல இருக்கறவனுங்க பதினோரு பேரும் நாக்குத் தள்ளி நிக்கிறானுங்க. எங்க ப்ருஸ்கி ஒருத்தன்தான் முன்னாடி தனியா நின்னு அவனுங்களுக்குப் பூச்சாண்டி காட்டிக்கிட்டு இருக்கான்... அந்த நேரத்துல கோச்சு என்ன பண்றாரு? ப்ருஸ்கிய வெளிய கூப்பிடறாரு! கோல் போட்டவன! அவனுக்கு பதிலா யார உள்ள அனுப்பறாரு? ஆறாவது டிஃபெண்டர! ஆறாவதுண்ணே! அஞ்சு பேரு ஏற்கெனவே கோல் முன்னாடி ஒருத்தன் கால ஒருத்தன் மிதிச்சுக்கிட்டு நிக்கிறானுங்க, இதுல இவன் வேற!

அப்பறம் என்ன... எம்பத்தி ஒம்பதுல அவனுங்க ஒண்ணு போட்டானுங்க. தொண்ணூத்தி மூணுல இன்னொண்ணு. முடிஞ்சுது ஜோலி. ஊரே எந்திரிச்சு நின்னு, காறித் துப்பாத குறையா விசில் அடிக்குது. நானும் அடிச்சேன்ணே. பொய் சொல்லுவானேன். ரெண்டு வெரல வாயில வச்சு அடிச்சேன்.

அடிச்சது தப்பில்ல. ஆனா அந்த கோச்சு இருக்காரே, லெயார்கோ கவத்தோர்த்தா, அவரு எங்கப்பா.

காபிக்கு சர்க்கரை வேணுமா? அந்தா கைக்கிட்டயே இருக்கு பாருங்க. பஸ்ஸுக்கு இன்னும் அர மணி நேரம் இருக்குண்ணே, இந்தப் பனியில அது அஞ்சு மணிக்கு வந்தா அதிசயம். நிதானமா குடிங்க. நீங்க வெளியூரு, உங்ககிட்ட சொல்லலாம். இந்த ஊர்ல யார்கிட்ட வாயத் தொறந்தாலும் சாயங்காலத்துக்குள்ள சர்ச்சு வரைக்கும் போயிரும்.

எங்கப்பா சாதாரண ஆளு இல்லண்ணே. நானூத்திப் பன்னெண்டு மேட்ச்சு ஆடியிருக்காரு. மொத்தம் மூணு கோலு. அதுல ரெண்டு சொந்த டீமு வலையிலயே. சிரிக்காதீங்க! டிஃபெண்டரு அப்படித்தான் இருப்பாரு. ரெண்டு வருஷம் மொத டிவிஷன்ல கூட இருந்தாரு. அங்க ஒரு பிரேசில்காரன மார்க் பண்ணச் சொல்லியிருக்காங்க. இவரு தொண்ணூறு நிமிஷமும் அவன் முதுகுலயே ஒட்டிக்கிட்டு திரிஞ்சாராம். அவன் தண்ணி குடிக்கப் போனா இவரும் போறாரு. ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சா இவரும் குனியறாரு. எங்க வீட்டு ஹால்ல அந்த பிரேசில்காரன் சட்டை கண்ணாடி ஃப்ரேம் போட்டு தொங்குது. முழுச் சட்டை இல்லண்ணே. கை மட்டும். இவரு புடிச்சு இழுத்த இழுப்புல கையோட வந்தது!

அப்படி ஆடுன மனுசன் கோச்சு ஆனா எப்படி இருப்பாரு? கோச்சு ஆகணும்னா ஃப்ளாரன்ஸ்ல போய் படிக்கணும், கடைசில ஒரு கட்டுரை எழுதிக் குடுக்கணும். ஒருத்தன் தாக்கி ஆடறதப் பத்தி எழுதறான், இன்னொருத்தன் எளவட்டங்களப் பழக்கறதப் பத்தி எழுதறான். எங்கப்பா எழுதுன தலைப்பு என்ன தெரியுமா? "ஒண்ணுக்கு சைபர்: அதுக்கு மேல எதுக்கு?" சத்தியமாண்ணே! அத டைப் அடிச்சதே நாந்தான். அப்ப நான் பதினாறு வயசுப் பொண்ணு. நடுவுல ஒரு பக்கம் நானா சேத்தேன். ஒரு ஸ்ட்ரைக்கர முன்னாடியே நிறுத்தி வையுங்க, அவனுக்கு பயந்து எதிராளிங்க ரெண்டு பேரு பின்னாடியே நிப்பானுங்க, அப்ப நம்ம கோல் முன்னாடி கூட்டம் தன்னால கொறையும்னு. படம் எல்லாம் போட்டு! எங்கப்பா அத அழகா கிழிச்சு எடுத்துட்டு, பின்பக்கம் காய்கறி லிஸ்ட்டு எழுதுனாரு.

ஒரு நிமிஷம்ணே... என்னது, ரெண்டு கப்புச்சினோவா? சாயங்காலம் நாலரைக்கா? மத்தியானம் மூக்குப் புடிக்கத் தின்னுட்டு அது மேல பால ஊத்துனா வயிறு என்னத்துக்கு ஆவும்? ஜெர்மன்காரங்களா நீங்க? ஓ... ஜெர்மன்காரங்கதானா. சரி சரி, இந்தா போட்டுத் தர்றேன்.

எங்க விட்டேன்? ஆங், ஞாயித்துக்கெழம தோத்தோம். திங்கக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க ஊரு ரேடியோல தூல்யோன்னு ஒருத்தன் நிகழ்ச்சி நடத்துவான். போன் பண்ணி யாரு வேணா பேசலாம். மேட்ச்சப் பத்தி திட்டறதுக்குன்னே நடத்தறது. பல் டாக்டரு பல்லப் புடுங்கிக்கிட்டே கேப்பாரு, பாதிரியாரு பூசைக்கு முன்னாடி கேப்பாரு. அதுல ரெண்டு மாசமா ஒரு பொம்பள பேசிக்கிட்டு இருந்தா. "மீன்கடையிலேர்ந்து இர்மா பேசறேன்"னு ஆரம்பிப்பா. கரகரன்னு தொண்டை. என்ன பேச்சுங்கறீங்க! எந்த நிமிஷத்துல எவன் எங்க நிக்கணும், ஏன் நிக்கணும்னு புட்டுப் புட்டு வைப்பா. ஊரே அவளுக்கு ரசிகர் கூட்டம். ஸ்டேடியத்துல பெரிய துணியில எழுதித் தொங்கவிட்டானுங்க: "லெயார்கோ, இர்மா சொல்றதக் கேளு!"

அந்தத் திங்கக்கெழம இர்மாவுக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்... "இந்த ஆள வீட்டுக்கு அனுப்புங்க, சாமி! சும்மா ஒக்காந்து யோசிச்சாத்தான் புத்தி வரும்!" அப்படின்னுட்டு டொக்குனு வச்சுட்டா.

எங்க கிளப்பு பிரசிடெண்ட்டு பெனாஸ்ஸி, குளியலறை டைல்ஸ் ஃபாக்டரி வச்சிருக்கறவரு. அவருக்கு டைல்ஸும் தெரியாது, ஃபுட்பாலும் தெரியாது. மறுநாள் காலையிலயே "மக்கள் குரலே என் குரல்"னு அறிக்கை விட்டுட்டு எங்கப்பாவத் தூக்கிட்டாரு. எங்கப்பாவுக்கு விஷயம் எங்க தெரிஞ்சுது தெரியுமா? கறிக்கடையில! கறிக்கடைக்காரன் கேக்காமலே நாலு தொத்திறைச்சி சேத்து பொட்டலம் கட்டறானாம். "எதுக்குய்யா?"ன்னா, "மனசு விடாதீங்க மிஸ்டரு"ங்கறானாம்.

இப்ப பதிமூணு நாளாச்சுண்ணே. சம்பளம் ஜூன் வரைக்கும் வந்துரும், அதுல ஒண்ணும் கொறையில்ல. ஆனா ஒப்பந்தம் முடியற வரைக்கும் வேற டீமுக்கும் போக முடியாது. புதுசா வந்தவன் நாலு மேட்ச்சு தோத்தான்னா இவரையே திரும்பக் கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க. விவாகரத்தும் இல்ல, குடித்தனமும் இல்ல. காலையில பத்து மணிக்கு இங்க வருவாரு, அந்தா அந்த மூலை மேஜை. சர்க்கரைப் பொட்டலத்த எல்லாம் எடுத்து வரிசையா அடுக்கி வச்சு நகத்திக்கிட்டு இருப்பாரு. முந்தாநாள் பாத்தேன்... எல்லாப் பொட்டலத்தையும் கோல் முன்னாடி வச்சுட்டு, ஒண்ண மட்டும் கையில புடிச்சுக்கிட்டே ரொம்ப நேரம் இருந்தாரு.

இன்னிக்கி திங்கக்கெழம. தூல்யோ பய என்ன பண்ணியிருக்கான்? எங்கப்பாவ ஸ்டூடியோவுக்கே கூப்பிட்டுட்டான். ஆறு மணிக்கு. ஒரு பக்கம் வேலை போன கோச்சு, இன்னொரு பக்கம் போன்ல இர்மா, நேருக்கு நேர்! நேத்துலேர்ந்து விளம்பரம் பண்றான். எங்கப்பாவும் சரின்னுட்டாரு. கோட்டு சூட்டு எல்லாம் எடுத்து மாட்டியிருக்காரு. தூல்யோவோட ஆளுங்க மீன் மார்க்கெட்ல இர்மாவத் தேடி அலையறானுங்க. மீன் வெட்டற ஒவ்வொரு பொம்பளையையும் "கொஞ்சம் பேசிக் காட்டுங்க"ங்கறானுங்களாம். ஒருத்தி மீனாலயே அடிச்சாளாம்.

கெடைக்க மாட்டாண்ணே. எப்படிக் கெடைப்பா? கிட்ட வாங்க... இன்னும் கொஞ்சம்... இர்மான்னு ஒருத்தியே கெடையாது. நாந்தான்.

ஐயோ, காபிய மேல கொட்டிக்காதீங்க! இந்தாங்க துணி.

நாந்தாண்ணே! அந்தப் பின்னாடி ரூம்ல, காபி மூட்டைக்கு நடுவுல, மூக்க லேசா புடிச்சுக்கிட்டு, தொண்டையக் கரகரன்னு ஆக்கிக்கிட்டு... நான் வேணும்னேவா பண்ணுனேன்? அந்தப் பதினாறு வயசுலேர்ந்து சாப்பாட்டு மேஜையில சொல்றேன், அப்பா ஸ்ட்ரைக்கர எடுக்காதீங்க, அப்பா முன்னாடி ஆள் வேணும்னு. "பாஸ்தா ஆறுது, தின்னு"ம்பாரு. சரி, ரேடியோல சொல்லிப் பாப்போம்னு ஒரு நாள் வெளையாட்டாப் பண்ணேன். அன்னிக்கி ராத்திரி வீட்டுக்கு வந்தா, மனுசன் சொல்றாரு: "நிவெஸு, இன்னிக்கி ஒரு பொம்பள பேசுனா பாரு... விஷயம் தெரிஞ்சவ!" அப்பா, நானும் அதத்தானப்பா சொல்றேன்னேன். "நீ சொல்றது வேற"ன்னுட்டாரு! என்ன வேற? ஒரு எழுத்து வேற இல்லண்ணே!

அதுல ஒரு ருசி கண்டுருச்சு, விடுங்க. ஊரே கைதட்டுது. ஆனா வீட்டுக்கு அனுப்புங்கன்னது... அது வாய் தவறி வந்துருச்சு. ஒரு வாரம் ஒக்காந்து யோசிக்கட்டும்னுதான் நெனச்சேன். அந்த டைல்ஸ்காரன் நெஜமாவே கேப்பான்னு யாருக்குத் தெரியும்? பெத்த பொண்ணே வேலைக்கு உலை வச்சிருக்கான்னு தெரிஞ்சா எங்கப்பா மூஞ்சியில எப்படி முழிப்பேன்? இர்மா போன் பண்ணலன்னா அவரு ஏமாந்து ஒக்காந்திருப்பாரு. பண்ணா, ஊரு முன்னாடி அப்பாவும் பொண்ணும் மல்லுக்கு நிக்கணும்...

இருங்க இருங்க, அவருதான். ஹலோ? சொல்லுங்கப்பா... கடையிலதான். கெளம்பிட்டீங்களா?... டை நல்லாத்தான் இருக்கும்ப்பா... அப்பா, அவள ரொம்பத் திட்டாதீங்க, பாவம், அவளும் ஏதோ... என்னது? திட்டப் போறதில்லையா?... தெக்க ஒரு கடலோர ஊரு டீமு உங்கள கோச்சா கூப்பிடுதா? ஜூலையில சேரணுமா? சூப்பர்ப்பா! அப்பறம்?... அசிஸ்டண்டா? யாரு... இர்மாவா?! ரேடியோலயே கேக்கப் போறீங்களா, கூட வர்றியான்னு?... அப்பா, அவ சொன்னதுல என்ன புடிச்சுது?... ம்... ம்... ஸ்ட்ரைக்கர முன்னாடி நிறுத்துனா ரெண்டு பேரு பின்னாடி நிப்பானுங்களா... ஓஹோ... இத்தன வருஷத்துல யாருமே இதச் சொல்லலையா உங்களுக்கு?... யாருமேவா?... அப்பா, அப்பா, ஒரு நிமிஷம், நான் ஒண்ணு சொல்லணும், ஆட்டத்தப் பத்தித்தான், ஹலோ? "உனக்கு அதெல்லாம் புரியாது"வா?... ஹலோ!

வச்சுட்டாரு.

பாத்தீங்களாண்ணே? பாத்தீங்களா அக்கிரமத்த! உலகத்துலயே விவரமான பொம்பளைய கண்டுபுடிச்சுட்டாராம், வேலை குடுக்கப் போறாராம், அவகிட்டப் பேச நேரமாச்சுன்னு என் போன வைக்கிறாரு!

இல்ல. முடிவு பண்ணிட்டேன். இர்மா போன்லாம் பண்ண மாட்டா. இந்த ஏப்ரன கழட்டி வச்சுட்டு நேர்லயே போறேன். ரேடியோல இல்ல, ஊரு கேக்கறதுக்கு முன்னாடி, ஸ்டூடியோ வாசப்படியிலயே புடிச்சு நிறுத்தி, அவரு மூஞ்சியப் பாத்து அந்தக் கரகரத் தொண்டையில ஒரே ஒரு வரி பேசறேன். அறைஞ்சா வாங்கிக்கறேன். தெக்க கூட்டிக்கிட்டுப் போனா போறேன்.

கப்ப அப்படியே வச்சுட்டு வாங்க, உங்க பஸ் ஸ்டாப்பு தாண்டித்தான் போறேன். ஏய் ஜெர்மனி, கடையப் பாத்துக்க, இப்ப வந்துருவாங்க மொதலாளியம்மா!

ஏண்ணே, நடந்துக்கிட்டே ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. நீங்க நூறு வாட்டி சொன்னது காதுலயே ஏறாது, அதையே ரோட்டுல போற எவனோ சொன்னா மட்டும் "அடேங்கப்பா"ம்பாங்களே... உங்க வீட்லயும் இந்தக் கூத்து நடந்திருக்கா, இல்ல எனக்கு மட்டுந்தானா?