ஆனி ரோஸைப் பற்றி நான் வைத்திருந்தது

பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுக்கக் கூடாது, மோர்தான் கொடுக்க வேண்டும் என்பது என் கொள்கை. வயிறு குளிர்ந்தவன் பாதிப் பேச்சில் எழுந்து போக மாட்டான். ஜெயங்கொண்டத்தில் நான் நடத்தும் திருமணத் தகவல் மையத்தில் என்றைக்கும் மோர்தான். உங்களுக்கும் ஒரு டம்ளர் கொடுத்திருப்பேன், சார். ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்துவிட்டீர்கள்.

ஆனி ரோஸ் கொடுத்த புகாரைப் பற்றிக் கேட்டீர்கள். மறைக்க என்ன இருக்கிறது? ஏலாக்குறிச்சிப் பெண், டீச்சர். மாப்பிள்ளை தேடித் தரச் சொல்லி என்னிடம் பதிந்திருந்தாள். போன மாதம் திடீரென்று வந்து நின்றாள்.

"என்னைப் பத்தி உங்க கம்ப்யூட்டர்ல என்ன வச்சிருக்கீங்களோ, அத அப்புடியே எடுத்துக் குடுங்க சார். யார் யாருக்குச் சொன்னீங்கன்னும் எனக்குத் தெரியணும். கேக்குறதுக்கு உரிமை இருக்காம்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாலு எழுத்துப் படித்துவிட்டால் தராசையே தூக்கிப் பார்க்கத் தோன்றும் போலிருக்கிறது. எங்கள் கிறிஸ்தவ ஜனங்களுக்கு ஜாதகம் கிடையாது, சார். விசாரிப்புதான் ஜாதகம். மாப்பிள்ளை வீட்டார் எனக்குப் போன் போடுவார்கள். ஒவ்வொரு பெண் பேருக்கும் கீழே நான் ஒரு குறிப்புப் போட்டு வைத்திருப்பேன். அதைப் பார்த்துச் சொல்வேன். 'தாய் வாயாடி.' 'அண்ணன் கடன்காரன்.' ஆனி ரோஸுக்கு ஒரே சொல்தான்: வலிப்பு.

அது எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய வெள்ளியன்று, உச்சி வெயிலில் சிலுவைப்பாதை. ஒருசந்தி நோன்பு இருந்த பெண் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நடந்து, சுருண்டு விழுந்தாள். முதலில் ஓடியது நான்தான். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து இறுக மூடினேன். தண்ணீர் தெளித்தால் மயக்கம், இரும்பைக் கொடுத்தால் வலிப்பு. எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கூட்டமே பார்த்தது. நான் வாயே திறக்கவில்லை.

அதன் பிறகு வந்த வரன்கள் எல்லாம் மோர் குடித்தன, போயின. அவள் அம்மா மதலேனம்மாள் வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் முடி இறக்கிவிட்டு வந்து, "எம் பொண்ணுக்கு என்ன கொறை, சொல்லுங்க சார்" என்று அழுதாள். ஜெபம் பண்ணச் சொன்னேன். வேறென்ன சொல்வது?

அவள் கேட்டு வந்த அன்று, அந்த ஒரு சொல்லை அழித்துவிட்டு மிச்சத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். வயசு, படிப்பு, பங்குக் கோயில்.

"இவ்ளோதானா சார்?"

"இவ்ளோதாம்மா. வேற என்ன இருக்கப்போவுது?"

கண் கலங்கிவிட்டாள். வீணாக என்னைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள். அவள் பஸ் ஏறுவதற்குள் அந்தச் சொல்லைத் திரும்பத் தட்டி வைத்தேன். இருக்கிற குறிப்பை அழிப்பது தொழிலுக்கு அழகில்லை.

அடுத்து வந்தது வரதராசன்பேட்டை வரன், ஆரோக்கிய பிரபு. அவன் அம்மா போன் போட்டாள், உள்ளதைச் சொன்னேன். அந்தப் பயல் போய் நேரே பெண்ணிடமே, "வலிப்பாமே, மாத்திரை சாப்புடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறான். வளர்ப்பு அப்படி. என் பேச்சு அவன் அம்மா போனில் பதிவாகியிருந்ததையும் ஆனி ரோஸுக்கே அனுப்பிவிட்டான். அம்மாக்காரி விவரமானவள், சம்பந்தமே வேண்டாமென்று ஒதுங்கிக்கொண்டாள்.

ஏன் செய்தேன் என்கிறீர்கள். அந்தப் பெரிய வெள்ளிக்கு முந்திய கிறிஸ்துமஸில் என் மகன் லியோவுக்கு அவளைக் கேட்டேன். "குடிக்கிற ஆளு வேணாம் சார்" என்றாள், என் வீட்டுக் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே. குடிக்காதவன் எவன்? நான் அவளைத் திட்டவில்லை. எங்களை விட்டால் நாதியில்லை என்று அவளே உணரட்டும் என்று காத்திருந்தேன். இதற்குப் பெயர் குற்றம் என்றால், பொறுமைக்கு என்ன பெயர்?

நீங்கள் பெரிய மனது பண்ணி அவளிடம் பேச வேண்டும், சார். ஸ்டேஷன் படி ஏறியவளை இனி யார் கட்டுவார்கள்? புகாரைத் திரும்ப வாங்கச் சொல்லுங்கள். லியோ இன்னும் ஒண்டிக்கட்டைதான். வருகிற ஞாயிறே கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊரறியச் சொல்லிவிடலாம். பெண்ணுக்கு ஏதாவது நோய் உண்டா என்று சாமியார் கேட்டால், ஒரு நாளும் இருந்ததில்லை என்று பைபிள் மேல் கை வைத்து நானே சாட்சி சொல்கிறேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.