அசனத்தன்று அடித்த தமுக்கு

மாலை வகுப்புக்கு நான் ஒருநாளும் பிந்திப் போனதில்லை. ராஜபாளையத்தில் ஆறு மணிக்கு டைப்ரைட்டிங், ஏழு மணிக்கு ஆங்கிலம். அதற்கான சம்பளத்தை என் அத்தை அன்னத்தாய், தன் கிணற்றுத் தோட்டத்துக் கத்தரிக்காயை விற்றுக் கட்டினாள். தாய் தகப்பன் இல்லாத என்னை வளர்த்ததும் அந்த இரண்டு ஏக்கர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; மறைத்ததாக விசாரணைக்கு வந்த நீங்கள் எழுதிவிடக்கூடாது.

தமுக்கு அடித்தார்களா என்பதுதானே உங்கள் கேள்வி? அடித்தார்கள். காலை பத்து மணி பத்து நிமிடம். டைரியில் இருக்கிறது.

1938-இல் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸில் தற்காலிகக் குமாஸ்தா. மில் கம்பெனிக்கு மம்சாபுரம் சாலையில் இருந்த அந்த நிலம் வேண்டியிருந்தது. அத்தை விற்க மறுத்துவிட்டாள். சர்க்கார் கட்டாயமாக எடுத்துக் கொடுக்கலாம்; ஆனால் லாபத்துக்காகக் கேட்டால் சட்டம் இடம் கொடுக்காது. தொழிலாளர் குடியிருப்புக்கு என்றால் கொடுக்கும். ஆகவே ஜில்லா போர்டு மெம்பர் வைகுண்டராஜுக்குத் தொழிலாளர்மேல் இரக்கம் வந்தது. நிலம் உழுகிறவனுக்குத் தாய் என்று கதர் ஜிப்பாவோடு மேடையில் பேசுகிறவர் அவர். கம்பெனியில் அவர் பெயரில் ஒரு பங்குகூட இல்லை. எல்லாம் மருமகன் பெயரில்.

அறிவிப்பை ஊரில் தமுக்கடித்துச் சொல்லி, நிலத்திலும் ஒட்டவேண்டும். முப்பது நாளைக்குள் ஆட்சேபம் வராவிட்டால் எடுத்துக்கொள்ளலாம். மெம்பர் என்னைக் கூப்பிட்டு, "எல்லாம் முறைப்படி நடக்கணும் தம்பி. கூட்டம் மட்டும் கூடப்படாது" என்றார். மில்லில் டைம்கீப்பர் வேலை காலியாக இருப்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

வருஷத்துக்கு ஒருநாள் எங்கள் வேதக்கோயிலில் அசன விருந்து. சபையார் அத்தனைபேரும் ஒரே பந்தியில் சாப்பிடுவோம். அன்றைக்குத் தெருவில் ஓர் அடுப்பும் எரியாது, ஒரு கிழவியும் இருக்கமாட்டாள். அந்தத் தேதியை அவருக்குச் சொன்னது நான்தான்.

தமுக்கடிக்கிறவன் சமுத்திரம். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். "யாருக்குய்யா அடிக்க? நாய்க்கா?"

"சர்க்காருக்கு அடி" என்றேன்.

அடித்தான். அறிவிப்பைத் தோட்டத்துப் பனையின் மேற்குப் பக்கம் ஒட்டினேன். பாதை கிழக்குப் பக்கம் போகிறது. எந்தப் பக்கம் என்று விதியில் இல்லை.

பதினோரு மணிக்குக் கோயிலில் இருந்தேன். பரிமாறியதும் நானே. "ஏலே தேவநேசா, இன்னும் ரெண்டு கரண்டி வைய்யி. நம்ம கிணத்துக் கத்திரிக்காடா" என்றாள் அத்தை. வைத்தேன். அன்றைய டைரியில் 'ஐயம்' என்று தலைப்பிட்டு, நெடுநேரம் யோசித்து எழுதியிருக்கிறேன்: தமுக்கை மூன்று தடவை அடித்தானா, நாலு தடவையா? இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

நாற்பதாம் நாள் அளக்க ஆள் வந்தபோதுதான் அத்தைக்குத் தெரிந்தது. நிலத் தீர்வை ரசீதுகளை முந்தானையில் முடிந்துகொண்டு என்னிடம்தான் ஓடிவந்தாள். கெடு முடிந்துவிட்டது என்று விளக்கினேன். முந்தானை முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

"நீ என்ன செய்வே. நீயும் அன்னைக்கு அசனத்துலதான இருந்தே."

ஆமாம் என்றேன். அது பொய்யில்லை.

அவளுக்கு வயதாகிவிட்டது, வெயிலில் கமலை ஓட்டித் தண்ணீர் இறைத்து அவள் படும் பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குடியிருப்பு இன்னும் வரவில்லை. மெம்பரின் மருமகனுக்குப் பங்களா வந்திருக்கிறது. அவரும் உழைக்கிறவர்தானே என்று மெம்பர் சொன்னார். ரோஜாச் செடிகளுக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான்.

அத்தை இப்போது மில்லில் கழிவுப்பஞ்சு பொறுக்குகிறாள். கேட்டில் நேரம் குறிப்பவன் நான். ஐந்து நிமிடம் பிந்தினால் அரைநாள் கூலி பிடித்தம். முழங்கால் வலியால் அவள் பல நாள் பிந்திவிடுகிறாள். மற்றவர்களுக்குப் போலவே அவளுக்கும் பிடிக்கிறேன். சொந்தக்காரி என்று ஒருநாளும் பாரபட்சம் காட்டியதில்லை, அய்யா.