காட்டேஜுக்குள் குலசாமி

படப்பையிலிருந்து ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோவில் என் எதிரே உட்கார்ந்திருந்த, துப்புரவு வேலைச் சீருடை போட்ட பெண், பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "எங்க குலசாமிய கும்புட லீவு நாள்ல போனேன். காட்டேஜ் வாட்ச்மேன் கேட்டுலயே நிறுத்திட்டான்க்கா."

"நீ அங்கதான வேலை செய்ற?"

"டூட்டி அன்னிக்குத்தான் உள்ள வுடுவாங்களாம். ஆத்தோரம் எங்க வூட்டையெல்லாம் இடிச்சிட்டு காட்டேஜ் கட்டுனாங்க இல்ல? சாமி கல்ல சுத்தி கம்பி போட்டு, 'பழங்காலச் சின்னம்'னு போர்டு வெச்சிக்கிறாங்க. குடியிருக்கறவங்க போட்டோ எடுத்துக்கறாங்க."

"அப்புறம் இன்னா பண்ண?"

"மறுநாள் கல்ல தொடைக்கற சாக்குல குங்குமம் வெச்சேன். சூப்பர்வைசர் பாத்துட்டு, 'கறை ஆயிடும், அழி'ன்னான்."

"அழிச்சியா?"

"வேலை வோணுமேக்கா. அழிச்சேன். குங்குமம் ஒட்டுன அந்தத் துணிய வூட்டுக்கு எடுத்தாந்து, இப்ப அதுக்குத்தான் வெளக்கு ஏத்திகினு கீறேன்."