ஆதித்யாவுக்குப் பிறகு

"நேத்து ஆதித்யாவைக் கொன்னுட்டேன்க்கா" என்று பின்சீட்டில் ஒரு பெண் சொன்னதும் நான் இயர்போனில் ஓடிய பாட்டை நிறுத்தினேன். காலை ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் கம்பெனி பஸ் அது. சொன்னவள் செல்போன் செயலியில் தொடர்கதை எழுதுகிறவள் என்றும், ஆதித்யா அவளுடைய லண்டன் கோடீஸ்வர நாயகன் என்றும் போகப்போகப் புரிந்தது. பக்கத்தில் இருந்த அக்கா அவளோடு ஒரே அசெம்பிளி லைனில் வேலை செய்பவர். அவள் கதைகளுக்கு முதல் வாசகியும் அவர்தான்.

"நல்லாத்தானடி இருந்தாரு. எப்டி செத்தாரு?"

"செம்பரம்பாக்கம் ஏரியில கார் கவுந்துடுச்சு."

"லண்டன்ல இருந்தவரு அங்க எதுக்கு வந்தாரு?"

"எனக்குத் தெரிஞ்ச ஏரி அதுதான்க்கா. லண்டன் போதும். இனிமே நம்ம லைனைத்தான் எழுதப் போறேன், என் சொந்தக் குரல்ல."

"அதுல இன்னா நடக்குது?"

"ஒரு பொண்ணு பாத்ரூம் போகணும். அவ இடத்துல நிக்க ரிலீவர் வரல. சூப்பர்வைசர் விட மாட்டேங்கிறாரு."

"அப்புறம்?"

"ரெண்டு அத்தியாயமா நிக்கிறா."

"ஆதித்யா கதையில யாரும் பாத்ரூமே போனதில்ல. நாள்பூரா நின்னுட்டு வந்து, படுத்துகினு இதையும் நான் படிக்கணுமா?"

"நீங்களே படிக்கலன்னா நான் எழுதலக்கா. அது உங்க கதைதான். அன்னைக்கு அழுதீங்களே."



"அழுவுறத எடுத்துடு. அந்தாள நாலு வார்த்த நல்லா கேட்டேன்னு எழுது."

"நீங்க கேக்கலையேக்கா. நெசத்தை எழுதணும்னுதானே நான்..."

"தெரியும்டி. கதையிலயாவது கேக்க வுடு."