எந்தப் பாதி

வெலாசம் சரிதான் அண்ணாச்சி, டாக்டரு எழுதிக் குடுத்தது இந்த வீடுதான். சீட்டுல இருக்க பேரு எங்க வீட்டுக்காரவுக பேருதான், நான் சொல்லப்படாதுல்லா. நான் பெத்தம்மா. உக்காருங்க. கோவில்பட்டியில இருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தீங்களாக்கும், மொகமெல்லாம் கறுத்துக் கெடக்கு. மொதல்ல தண்ணியக் குடிங்க. அவியளையா... சொல்லுதேன், இருங்க.

உங்க வீட்டுக்காரிக்கா? எத்தன தடவ ரத்தமா வாந்தி எடுத்தா? ரெண்டா. ம்... அவள மதுரையில படுக்கையில விட்டுட்டு வந்திருக்கீங்க. கையெழுத்துப் போடுததுக்கு முன்ன, ஆபரேசன் பண்ணிப் பொழச்ச ஆள ஒருக்கப் பாத்துட்டு வாங்கன்னு டாக்டரு அனுப்பிருக்காரு. நல்ல மனுசன்தான்.

எங்க அவியளுக்கு எழுவத்தெட்டாம் வருசம் வந்துது. பருத்திக்காட்டுல குனிஞ்சவுக நிமிரல. கரிசல்ல ரத்தம் செவப்பாத் தெரியாது அண்ணாச்சி, எண்ணெ கொட்டுனாப்ல இன்னும் கறுப்பாத்தான் தெரியும். கிட்டப் போயி வாயப் பாத்தப் பெறவுதான் கத்துனேன். குடிச்சுக் குடிச்சு ஈரல் வெந்து போச்சுன்னு ஊருக்குள்ள பேச்சு. பச்சத் தண்ணியத் தவிர ஒண்ணும் தொடாத ஆளு. அதுக்கு முன்ன ஒரு மஞ்சக்காமால வந்துது. மருந்து அரச்சுக் குடுத்தோம், போயிட்டுன்னு நெனச்சோம். போகல, உள்ளயே இருந்திருக்கு.

உங்களுக்கும் சொல்லிருப்பாரே. ஈரல் கல்லா இறுகிட்டு, ரத்தம் உள்ள போவ முடியாமத் தொண்டையில தேங்கி வெடிக்குது, வேற வழியா வெட்டி விடப் போறோம்னு. கம்மாக்கரை ஒடையாம இருக்கக் கலிங்கு வழியாத் தண்ணிய விடுதாப்லயான்னு அவிய கேட்டாவ. அதேதான்னு டாக்டரு சிரிச்சாரு.

கண்ண இறக்கிப் பாத்தாரு, வயித்தத் தட்டிப் பாத்தாரு, ரத்தம் எடுத்தாரு. இன்னைக்கு என்ன கெழமன்னு அவியட்ட கேட்டாரு. அம்புட்டுக்கும் மார்க்கு. கூட்டிப் பாத்து ஏ-ன்னாரு. ஏ-ன்னா நல்லதாம். சி-ன்னா கைய வைக்கவே யோசிப்பாவளாம். உங்க வீட்டுக்காரிக்கு என்ன சொன்னாரு? பி-யா. ம்.

ஏ-ன்னா ஆபரேசன்ல பத்துக்கு ஒம்பது பேரு தப்பிருவாவ, அஞ்சு வருசம் கழிச்சுப் பாத்தாப் பாதிப்பேரு இருப்பாவன்னாரு. எந்தப் பாதின்னு நான் கேட்டேன். மனுசன் பேனாவ மூடி வச்சிட்டு, அது எனக்குத் தெரியலம்மான்னாரு. அந்த ஒரு சொல்லுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன் அண்ணாச்சி. தெரியும்னு சொல்லிருந்தா அன்னைக்கே கூட்டிட்டு வந்திருப்பேன்.

ரத்தமா? அதுக்குப் பெறவு ஒரு சொட்டு வரல, சத்தியமாச் சொல்லுதேன். புத்திதான் கலங்குச்சு. ஈரல்ல சுத்தமாவாத ரத்தம் மூளைக்கு ஏறுமாம், கறி, முட்ட, பருப்பு எல்லாம் அளவாத்தான் குடுக்கணும். அம்மன் கோயில் கொடையில கெடா வெட்டுனப்ப ஆசப்பட்டு ரெண்டு துண்டு கறி தின்னுட்டாவ. மறுநா காலையில என்னப் பாத்து, நீங்க யாரு வீட்டு ஆளுன்னு கேட்டாவ. கைய நீட்டச் சொன்னா கோழி றெக்க அடிக்காப்ல ஆடுது. மூணு நாள்ல தெளிஞ்சுது. பெறவு வர்றதும் போறதுமாத்தான் இருந்துது. தெளிஞ்ச அன்னைக்கு, ஏட்டி, நேத்து ஒன்ன ஏசிட்டனான்னு கேப்பாவ. இல்லன்னுருவேன். அதுக்குள்ளயும் ரெண்டு வெள்ளாம எடுத்தாவ. மக முப்பிடாதியக் கட்டிக் குடுத்தாவ. மாப்ளைக்கு மால போடயில கை ஆடாம இருக்கணுமேன்னு நான் சாமியக் கும்பிட்டுக்கிட்டே நின்னேன். ஆடல.

காட்டுக்குப் போயிருக்காவளான்னா கேக்குதீங்க? இல்ல அண்ணாச்சி. அவிய தவறி மூணு வருசம் ஆவப் போவுது. ஆபரேசனுக்குப் பெறவு ரெண்டேகால் வருசம் இருந்தாவ. வயிறு ஊதிட்டு. நாலு நாளு தூங்குனாப்ல கெடந்தாவ, ஏந்திரிக்கல.

இருங்க, போவாதீங்க. டாக்டரு உங்களுக்குப் பொய் சொல்லல. நான்தான் அவருக்குச் சொன்னேன். வருசா வருசம் அவரு கையால கார்டு போடுவாரு, எப்படி இருக்காருன்னு. நான் அஞ்சாப்பு படிச்சவ, நல்லாருக்காவன்னு எழுதிப் போடுவேன். அவிய தவறுன வருசமும் கார்டு வந்துது. ஊருக்குள்ள எல்லாரும் அவிய இருந்தாவ, செஞ்சாவன்னு பேசுதாங்க. அந்தக் கார்டு ஒண்ணுதான் எப்படி இருக்காருன்னு கேட்டுது. இல்லன்னு எழுத எனக்குக் கை வரல. அடுத்த வருசம் கார்டு வந்தப்பவும் கை வரல. அத நம்பி ஒரு ஆளு பஸ் ஏறி வருவாருன்னு நான் நெனைக்கல அண்ணாச்சி.

கையெழுத்துப் போடவா வேண்டாமான்னு ஏங்கிட்டக் கேக்காதீங்க. நான்னா அந்த ரெண்டேகால் வருசத்துக்கு இன்னொருக்கவும் போடுவேன். ஆனா எங்க அவியளுக்கு ஏ, உங்க வீட்டுக்காரிக்கு பி. நீங்க மதுரைக்குப் போனதும் மொதல்ல டாக்டர்ட்ட இதச் சொல்லிருங்க. அவரு நோட்டுல அஞ்சு வருசமா இருக்காருன்னு போட்டிருப்பாரு, அத ரெண்டேகால்னு திருத்தட்டும். திருத்திட்டு, பெறவு உங்க வீட்டுக்காரிக்கு என்ன கணக்குன்னு சொல்லட்டும்.